ஒரே வீட்டில் வளர்ந்த தம்பி நன்றாக இருக்கிறான், எனக்கு மட்டும் ஏன் டிப்ரெஷன்?

கப்பலூர் கணக்கன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். வயது 37, கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஒரு வருடத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பே இல்லை. படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது, ஆனால் விடியற்காலை மூணு மணிக்கெல்லாம் விழிப்புத் தட்டி, அதற்கப்புறம் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். ஜிஎஸ்டி கணக்கில் ஒரு சின்னத் தப்பு வந்தது, மேனேஜர் சாதாரணமாக "சரி, திருத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், நான் அதை ஒரு வாரம் மண்டைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஊரே வைகையில் நிற்கிறது, நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் மனைவி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டிப்ரெஷன், அதாவது மனச்சோர்வு என்று சொல்லி, அதற்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன்.

டாக்டர் "சின்ன வயதில் வீடு எப்படி இருந்தது?" என்று கேட்டார். "நல்லாத்தான் சார் இருந்தது" என்று சொல்லிவிட்டேன். பின்னால் ஐந்தாறு பேர் சீட்டோடு நிற்கும்போது வேறு என்ன சொல்ல.

உண்மை வேறு. அப்பாவுக்குக் குடி. குடித்துவிட்டு வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். அம்மா கோபித்துக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். எனக்குப் பதினொரு வயதில் ஏஜெண்டிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு என்னை ஆந்திராப் பக்கம் முறுக்கு கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதுக்கதை இல்லை. இருட்டோடு எழுப்பிவிடுவார்கள், மாவு பிசைந்து, உரலில் போட்டு அழுத்தி அழுத்தி உள்ளங்கை காய்த்துப்போகும், எண்ணெய் தெறித்த தழும்பு இன்னும் இடது முழங்கையில் இருக்கிறது. படுக்கை மாவு மூட்டை மேல்தான். அப்புறம் தாய்மாமா வந்து அட்வான்ஸ் பணத்தைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

என் தம்பியும் அதே வீடு, அதே அப்பா. அவன் இன்றைக்கு லோடு வண்டி ஓட்டுகிறான், கடனும் இருக்கிறது, ஆனால் சிரித்த முகம், படுத்தால் குறட்டை. "அண்ணே, நீ சின்னதிலிருந்தே எல்லாத்தையும் மனசுல போட்டுக் குடையுற ஆளு, அதான்" என்கிறான். மனைவியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறாள்.

என் கேள்வி இதுதான். இது அந்த வீட்டினால் வந்ததா, என் சுபாவத்தினால் வந்ததா? சுபாவம் என்றால் மாத்திரை என்ன செய்யும்? ஏழு வயது மகள் இருக்கிறாள், அச்சு அசல் என்னை மாதிரி, டீச்சர் குரலை உயர்த்தினாலே அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். அவளுக்கும் வருமா?

வார்டு அக்கா:

தம்பி, நான் மதுரையில் ஒரு மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். உங்களைப் பார்க்காமல் உங்கள் நோய்க்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதில் எல்லாரும் முதலில் எடுத்துக் காட்டுவது 1998இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு. அது ஆரம்பித்த விதமே வேடிக்கை. ஃபெலிட்டி சான் டியேகோவில் உடல் எடை குறைக்கும் பிரிவு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள், ஏன் என்று உட்கார்ந்து பேசிப் பார்த்தால் பலருக்குச் சின்ன வயதுக் கொடுமைகள் வெளியே வந்தன. அதற்கப்புறம்தான் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரிடம் அடி, பாலியல் தொந்தரவு, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது என்று வகை வகையாகக் கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட, மனச்சோர்வு வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் பெரும்பாலும் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்து ஆட்கள். அதனால் "வறுமைதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2000இல் கிறிஸ்டீன் ஹைம் குழுவினர் சில பெண்களை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசச் சொல்லி, மனக்கணக்கும் போடச் சொன்னார்கள். சின்ன வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அழுத்த ஹார்மோன்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாக எகிறின. மேனேஜர் சாதாரணமாகச் சொன்ன ஒரு சொல் உங்களுக்குள் ஒரு வாரம் ஓடுவதை வெறும் "வேண்டாத யோசனை" என்று நான் தள்ள மாட்டேன். வளர்கிற வயதில் எப்போது அடி விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்த உடம்பு, ஆபத்து போன பிறகும் அப்படியே இருக்கலாம்.

சுபாவமும் பொய் இல்லை. சட்டென்று கலங்குவது, நடந்ததைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது, எல்லாவற்றிலும் கெட்டதையே முதலில் எதிர்பார்ப்பது, இதை உளவியலில் நியூரோட்டிசிசம் என்ற ஒரே குணமாக அளக்கிறார்கள். மனச்சோர்வோடு மிக நெருக்கமாக ஒட்டி வருகிற குணம் அதுதான். இது ஓரளவு பிறவியிலேயே வருகிறது. கென்னத் கெண்ட்லர் வர்ஜீனியாவில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே மாதிரி கஷ்டம் வந்தாலும், இந்தக் குணம் அதிகம் உள்ளவர்கள் அதிகம் சாய்கிறார்கள். அதாவது ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. அதோடு, பயந்து வளர்கிற பிள்ளைக்கு அந்தக் குணமே கூடவும் செய்யும். அதனால்தான் வீடா, சுபாவமா என்று பங்காளிச் சொத்து மாதிரி அளந்து பிரிக்க முடியவில்லை.

தம்பி கதைக்கு வருகிறேன். அதே வீடு என்கிறீர்கள், அதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. முறுக்கு கம்பெனிக்குப் போனது நீங்கள், அவர் போகவில்லை. அம்மா இல்லாத மாதங்களில் அவருக்குச் சோறு போட்டது யார்? அப்பா கையை ஓங்கும்போது குறுக்கே நின்றது யார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் மூத்த பிள்ளைகள் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன். ஹவாயில் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். கடுமையான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள், அவர்களில் பலருக்கும் பொதுவாக இருந்தது, நம்பிப் பிடித்துக்கொள்ள வீட்டிலோ வெளியிலோ ஒரு ஆள். உங்கள் தம்பிக்கு அந்த ஆள் நீங்களாக இருந்திருக்கலாம். உங்களுக்குத் தாய்மாமா வந்தார், ஆனால் பிந்தி வந்தார்.

இன்னொன்று. மூணு மணி விழிப்பை முறுக்கு கம்பெனியோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். மனச்சோர்வில் அகாலத்தில் விழிப்பு வருவது, நிம்மதியாக வளர்ந்தவர்களுக்கும் சகஜம். எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கேயே கட்ட ஆரம்பித்தால் அதுவும் ஒரு அசைபோடல்தான்.

மேலூர் வாத்தியார்:

தவறாக நினைக்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன். அடியாத மாடு படியாது என்று வளர்ந்த தலைமுறை நாங்கள், என் அப்பா என்னைப் புளிய விளாரால் அடித்திருக்கிறார், நானும் பிள்ளைகளை அடித்திருக்கிறேன், யாரும் கெட்டுப்போகவில்லை. இப்போது யாரைக் கேட்டாலும் குழந்தைப் பருவம், அதிர்ச்சி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பெற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் தம்பிக்கு என்ன லாபம்? முறுக்கு கம்பெனி விஷயம் வேறு, அது கொத்தடிமைத்தனம், நானே அப்படிப் போன பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக அலைந்திருக்கிறேன். மற்றபடி சுபாவம் என்பது தொட்டில் பழக்கம், சுடுகாடு மட்டும். மாத்திரை போட்டு மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மாத்திரையை ஆரம்பித்தால் விடவே முடியாது என்றும் கேள்வி.

நாகமலைப் பையன்:

வாத்தியார் ஐயா, "யாரும் கெட்டுப்போகவில்லை" என்பதை யாரிடம் கேட்டு முடிவு பண்ணினீர்கள்? வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அப்புறம் வராமலே போனவனிடம் கேட்டீர்களா? கோபத்தில் கேட்கவில்லை, நான் உளவியல் ஆராய்ச்சி மாணவன், இந்த வாதம் வாராவாரம் காதில் விழுகிறது. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாக வதைபட்டிருந்தார்கள். அவ்வளவு பேரும் பெரியவர்களாகி டிப்ரெஷனில் விழ மாட்டார்கள்தான். பீடி குடித்த எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை, அதற்காகப் பீடி நல்லது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஆனால் வார்டு அக்கா சொன்னதிலும் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. அந்த 1998 ஆய்வை வைத்து இணையத்தில் பத்துக் கேள்வி சோதனை ஒன்று சுற்றுகிறது, மதிப்பெண் ஆறு வந்தது, ஏழு வந்தது, என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று பயந்து போகிறவர்கள் நிறையப் பேர். அது கூட்டத்தைப் பற்றிச் சொல்கிற எண், தனி ஆளின் ஜாதகம் இல்லை. ராபர்ட் ஆண்டாவே 2020இல் அந்த மதிப்பெண்ணைத் தனி மனிதர்களுக்கு அப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினார். எந்த வயதில் நடந்தது, எவ்வளவு காலம் நடந்தது, எவ்வளவு கடுமை, இதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. முறுக்கு கம்பெனிக்கு அதில் ஒரு கேள்வியாவது இருக்கிறதா பாருங்கள்.

ஞாபகம் இன்னொரு சிக்கல். 2019இல் ஜெஸி பால்ட்வின் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சின்ன வயதிலேயே கொடுமை பதிவானவர்களில் பாதிப் பேர் பெரியவர்களான பிறகு கேட்டபோது அப்படி எதுவும் சொல்லவில்லை. பெரியவர்களாகிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல் பழைய பதிவு இல்லை. இதை வைத்து யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் பண்ணக்கூடாது, நம் அண்ணனே டாக்டரிடம் "நல்லாத்தான் இருந்தது" என்றுதானே சொல்லியிருக்கிறார்! அந்த ஓபி சீட்டைப் பார்த்து நாளைக்கு ஒரு ஆராய்ச்சி பண்ணினால் இவர் கொடுமை இல்லாத கணக்கில்தான் வருவார்.

அப்புறம் மரபணு. 2003இல் ஒரு பிரபலமான ஆய்வு, மூளையில் செய்தி கடத்துகிற செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு மரபணுவின் குட்டை வடிவம் இருந்தால், கஷ்டம் வரும்போது டிப்ரெஷனும் வரும் என்று சொன்னது. பதினைந்து வருடத்துக்கு மேல் எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள், 2019இல் லட்சக்கணக்கான ஆட்களின் தரவில் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை. பரம்பரைப் பங்கு இருக்கிறது, இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்தால் சுமார் 37 சதவீதம், ஆனால் அது ஏராளமான மரபணுக்களில் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது. அண்ணே, மகளுக்கு "வந்துவிட்டது" என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

சுபாவம் மாறாது என்பதற்கு மட்டும் ஐயாவுக்குப் பதில். ப்ரெண்ட் ராபர்ட்ஸ் குழு 2017இல் 207 ஆய்வுகளைத் திரட்டியது. சிகிச்சை எடுத்தவர்களின் குணத்தை முன்னும் பின்னும் அளந்ததில், சராசரியாக ஆறு மாதத்துக்குள்ளேயே அந்தக் கலங்குகிற குணம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் கொஞ்சம் வளைகிறது. இதில் ஒரு பகுதி, நோய் இருக்கும்போது அளந்தால் யாருடைய குணமும் மோசமாகத் தெரியும் என்பதாலும்தான். அதனால் அண்ணே, இப்போது "என் சுபாவமே இதுதான்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். காய்ச்சலில் கிடக்கிறவன் தன் உடம்புச் சூட்டை அளந்துவிட்டு நான் பிறந்ததிலிருந்தே சூடான ஆள் என்று சொல்வது மாதிரி ஆகிவிடும்.

புதூர் மல்லி:

ஆராய்ச்சி எல்லாம் படித்தேன், சந்தோஷம். என் கதை நேர் எதிர். எங்கள் அப்பா என்னை ஒரு அடி அடித்ததில்லை, குடி இல்லை, சண்டை இல்லை, நானும் கலகல என்று இருக்கிற ஆள்தான். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு வந்துவிட்டது. "உனக்கு என்ன குறை?" என்று கேட்காத ஆளே கிடையாது. காரணம் சொல்ல முடியாமல் இருப்பதும் ஒரு கொடுமைதான் அண்ணா, உங்களுக்குச் சொல்லவாவது ஒரு கதை இருக்கிறது என்று பொறாமையாகக்கூட இருந்தது, திட்டாதீர்கள்.

எனக்கு மாத்திரையோடு சேர்த்து உதவியது ஒரு நோட்டு. கவுன்சிலர் அக்கா ஒரு வாரத்துக்குக் கட்டம் போடச் சொன்னார். மனசு சரியானதும் செய்வேன் என்று காத்திருக்காதே, செய், மனசு பின்னால் வரும் என்றார். முதல் வாரக் கட்டத்தில் என்ன தெரியுமா, குளிப்பது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, தங்கச்சிக்கு ஃபோன் போட்டு ஐந்து நிமிடம் பேசுவது, அவ்வளவுதான். சிரிப்பாக இருக்கும். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் இதே முறையை டாக்டர் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்து, ஆறிலிருந்து எட்டு அமர்வில் கடுமையான டிப்ரெஷன் உள்ளவர்களுக்குப் பலன் கிடைத்ததாக 2017இல் வெளியிட்டார்கள் என்று அப்புறம்தான் படித்தேன்.

மகளைப் பற்றி ஒன்று. சீக்கிரம் கலங்குகிற பிள்ளை அன்பையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். டீச்சர் கத்தினால் சாப்பிடாத பிள்ளை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "என்ன ஆச்சு பாப்பா" என்று கேட்டால் அந்த ராத்திரிக்குள் தெளிந்துவிடும். உங்கள் வீட்டில் குடி இல்லை, அடி இல்லை, அவளை யாரும் எங்கேயும் அனுப்பப் போவதில்லை. அவள் பிறந்த வீடு வேறு.

கப்பலூர் கணக்கன்:

அக்கா கேட்டது சரி. தம்பியைக் குளிக்க வைத்து, பழைய சோற்றில் தயிர் ஊற்றிக் கொடுத்து, அப்பா வருகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது நான்தான். இதை இத்தனை நாளும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. நேற்று ராத்திரி தம்பிக்கு இந்தப் பக்கத்தை அனுப்பினேன். படித்துவிட்டு, "மாட்டுக் கொட்டகை எனக்கு விளையாட்டுன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போவ" என்று மட்டும் பதில் போட்டான்.

வாத்தியார் ஐயா, அப்பா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கூண்டில் ஏற்ற எழுதவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, மாத்திரை இன்னும் பெரிதாக வேலை செய்த மாதிரி தெரியவில்லை, தூக்கம் மட்டும் அரை மணி நேரம் கூடியிருக்கிறது, விட்டுவிடலாமா என்று இருக்கிறது. இரண்டு, அடுத்த தடவை போகும்போது இதையெல்லாம் டாக்டரிடம் வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதிக் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

வார்டு அக்கா:

விடாதீர்கள் தம்பி. இந்த வகை மாத்திரை முழுசாக வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், பல பேருக்குத் தூக்கம்தான் முதலில் திரும்பும், அதனால் அந்த அரை மணி நேரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆறு வாரத்திலும் அசைவில்லை என்றால் அளவைக் கூட்டவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ வழி இருக்கிறது, அது டாக்டர் முடிவு. வாத்தியார் ஐயா கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன், இது போதைப் பழக்கம் மாதிரி ஏங்க வைக்கிற மாத்திரை இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம். அதைப் பார்த்துத்தான் "விட முடியாது" என்ற பேச்சு கிளம்புகிறது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிட்டு, அப்புறம் டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மனைவியிடம் சொல்லுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி மூணு மணியானாலும் 14416க்குக் கூப்பிடலாம், டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022இல் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். மூணு மணிக்கு விழித்துக் கிடக்கிற ஆள் நீங்கள், நம்பரை ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிக் கொடுப்பதில் ஒரு தப்பும் இல்லை, எங்களிடம் நிறையப் பேர் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஓபி கூட்டத்தில் படிக்க நேரம் இருக்காது. மேலே இப்போதைய தொந்தரவு, தூக்கம், பசி, வேலை. நடுவில் சின்ன வயதில் நடந்தது, இங்கே எழுதின மாதிரியே, எந்த வயதில் என்று போட்டு. கடைசியில் அப்பாவின் குடி, குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநலத் தொந்தரவு இருந்ததா என்பது. சீட்டோடு சேர்த்து நீட்டிவிட்டு, "இதைப் பற்றிப் பேச கவுன்சிலர் யாராவது இருக்கிறார்களா?" என்று மட்டும் கேளுங்கள்.